வறுத்தெடுத்த களிமண்

பென்டில் ஹில்

அன்பு மகன் சுஜீதனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடுகிறோம், மெல்பேர்னில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். சுகம் என்று முழு மனதோடு எழுத முடியவில்லை. போனில் திட்டினால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. உன் தங்கை வினுஷா வந்து நிற்கிறாள். வெள்ளி பின்னேரம் கோயில் பழக்கமான சிவபாலனும் அவன் மனைவி யோகாவும் லட்டுப் பெட்டியோடு வந்தார்கள். உன் மெல்பேர்னுக்குக் கிட்ட வெரிபீ பக்கம், ஆறு கடலில் விழுகிற வண்டல் நிலத்தில், குடிபோகக் காணி வாங்கிவிட்டார்களாம், அடுத்த மாதம் அத்திவாரமாம். நீ வேலை செய்கிற மண் ஆய்வுகூடத்து அறிக்கையில் உன் கையெழுத்தாம். உங்கட மகன் சோதிச்ச மண் எண்டபடியாத்தான் அன்ரி யோசிக்காமல் வாங்கினனாங்கள் என்றாள் யோகா. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவர்கள் போனபிறகு இரண்டாவது லட்டை வாயில் போட்டேன். அப்போதுதான் வினுஷா வாயைத் திறந்தாள். அதே இடத்தில் அவள் காணி பார்த்தபோது, அந்தப் பக்கம் போகாதே, அந்தக் களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், சுவர் வெடிக்கும் என்று நீ இரகசியமாய்ச் சொன்னாயாம். லட்டைக் குசினித் தொட்டியில் துப்பினேன்.

உடனே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் பாடம் நடத்துகிறாய். களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சூடேற்றினால் உள்ளே இருக்கிற தண்ணீர் எந்தச் சூட்டில் போகிறது என்று மெஷினில் கோடு காட்டுமாம், அதை வைத்து ஊதுகிற மண்ணைப் பிடிக்கலாமாம், காணி விலைபோக வேண்டுமென்று முதலாளி சொன்னபடி முன்னமே அடுப்பில் வறுத்துவிட்டுச் சோதித்தால் கோடு ஒன்றும் காட்டாதாம். பயற்றை வறுத்துவிட்டு முளைக்கவில்லை என்று கையெழுத்து வைத்திருக்கிறாய். எல்லா இடமும் இப்படித்தான் அம்மா என்று சிரிக்க வேறு செய்தாய். சீ! வேலை போய்விடும் என்ற பயம் எனக்கும் விளங்கும். ஆனால் உன் தங்கையின் சுவர் வெடிக்கக் கூடாது, யோகா வீட்டுச் சுவர் வெடிக்கலாம், இந்தக் கணக்குத்தான் எனக்கு அருவருப்பாய் இருக்கிறது. தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். மண்ணின் குணம் தெரிந்தால் அதற்கேற்ற அத்திவாரம் போடலாம் என்று நீயேதான் சொன்னாய். இன்னும் காலம் இருக்கிறது.

குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. முருகன் உனக்குத் தீர்க்காயுளையும் அதைவிட முக்கியமாய் நல்ல புத்தியையும் தரட்டும். ஞாயிறு காலை நீ அவளுக்குப் போன் எடுத்துப் பேசுவாய் என்று யோகாவிடம் சொல்லிவிட்டேன், மறக்காதே. நல்ல செய்தியோ அன்ரி என்று கேட்டாள். என் மகன் உண்மையைச் சொல்லுவான் என்று மட்டும் சொன்னேன்.

உன் அம்மா,
இராஜேஸ்வரி