புது கார்டும் எங்கள் வீட்டுத் தறிகளும்

ஜூன் 16, நகரி

கிராபிக்ஸ் கார்டு வந்துவிட்டது. திருப்பதி ஸ்டுடியோ வரதராஜன் சார் புது கேமரா வாங்கியதிலிருந்து, அவர் அனுப்பும் கல்யாண வீடியோவைத் திறப்பதற்கே என் கம்ப்யூட்டர் முக்கி முனகுகிறது. எடிட் செய்கிற எனக்குத்தான் உயிர் போகிறது. கடையிலேயே பாகங்களைப் பூட்டி விற்ற பெட்டி இது, பவர் சப்ளை சின்னது. அதனால் தனி வயர் கேட்காத கார்டாகப் பார்த்துக் கொடுத்தார் திருப்பதி கடைக்காரர் சீனு.

நானே மாட்டினேன். ஹார்ட் டிஸ்க் கூண்டு இடித்தது. அதைக் கழற்றி, டிஸ்க்கை டேப் போட்டு ஓரமாக ஒட்டினேன். என் வீட்டுக்காரர் தறியை விட்டு எட்டிப் பார்த்து, "நல்லா ஓடிக்கினு இருந்தத ஏன் பிரிச்ச?" என்றார். நல்லா ஓடியதாம்!

ஜூன் 17

சும்மா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

ஜூன் 18

கண் பட்டுவிட்டது. எடிட் செய்ததை முழுப் படமாக்க எக்ஸ்போர்ட் போட்டால், பாதியில் பட்டென்று அணைந்து தானே எழுந்திருக்கிறது. மூன்று தடவை. இந்தக் கல்யாண வீடியோவில் பலமனேர் பெண்ணுக்கு இன்னும் தாலி ஏறவில்லை.

ஜூன் 20

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதி போனேன். சீனு கடையில் ஒரு தடவைகூட அணையவில்லை. "ஏமீ லேதக்கா, பாகானே உந்தி." ஒன்றுமில்லையாம், நன்றாகத்தான் இருக்கிறதாம். அப்போ எனக்குத்தான் பைத்தியமா? வீட்டுக்கு வந்து மாட்டி, டீ போடுவதற்குள் அணைந்தது. அழுகையா வந்துச்சு.

ஜூன் 22

வரதராஜன் சார் போன். "சனிக்கிழமைக்குள்ள குடும்மா காஞ்சனா. இல்லன்னா புத்தூர் பசங்களுக்குக் குடுத்துடுவேன். அப்பறம் எல்லாமே அவங்கதான்."

இதையும் விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? தறிக்கு நூல் சுற்றிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அது வேணாம்னுதானே இதக் கத்துக்கினேன்!

ஜூன் 25, அமாவாசை

தறிக்கு லீவு. எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு சமைக்கப் போனேன். திரும்பி வந்தால் எண்பது பர்சென்ட் — அணையவில்லை! அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டு விசைத்தறி இரண்டும் இதே கரண்ட் லைனில்தான் ஓடுகின்றன. நூல் அறுந்தால் வீட்டுக்காரர் நிறுத்துவார், முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார். ஓட்டும்போதெல்லாம் கரண்ட் ஒரு நொடி சரியும், பல்பு மங்கும். தினம் பார்ப்பதுதான், பழகிப்போய் கண்ணில் படவேயில்லை.

சீனுவுக்குப் போன் செய்தேன். முன்பு லோடு கம்மி, கரண்ட் சரிந்தாலும் பெட்டி தாங்கியது. இப்போது கார்டும் சேர்ந்து இழுக்கிறதாம். யுபிஎஸ் போடச் சொன்னார். எங்களுடையது செத்துப் பல காலம். புதுசு அடுத்த வாரம்தான் வருமாம்.

படத்தை அனுப்பிவிட்டு மூச்சு விடுவதற்குள், மாப்பிள்ளை வீட்டில் இரண்டு பாட்டை மாற்றச் சொல்கிறார்கள் என்று சார் மெசேஜ். மறுபடி எக்ஸ்போர்ட். போதும்டா சாமி.

ஜூன் 26

ராத்திரியில் எக்ஸ்போர்ட் போடலாம் என்றால் கரண்ட் போய்ப் போய் வருகிறது. அவரிடம் கேட்டேன். "நாளைக்கு ரெண்டு மணி நேரம் தறிய நிறுத்துறீங்களா?"

"இன்னா பேசற நீ? சனிக்கிழம பாவு முழுக்க நெய்ஞ்சு முடிச்சுத் தரணும். எவன் ஊட்டு கல்யாணத்துக்கோ நான் தறிய நிறுத்தணுமா?"

சோறு துன்னாமலே போய்ப் படுத்துட்டாரு. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சல்.

ஜூன் 27, வெள்ளி

பாட்டை மாற்றி முடித்துவிட்டு, பட்டனை அமுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தேன். அமுக்கி என்ன பிரயோஜனம்?

மதியம் ஒரு தறி நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். இன்னொன்றும் நின்றது. அவர் வந்து என் பக்கம் பார்க்காமலே, "போடு" என்றார். போய் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு இந்திராணி அக்கா ஓடி வந்தார். அமாவாசை இல்லாத நாளில் தறிச் சத்தம் இல்லையென்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஐயோ கோவர்த்தனா, யாருப்பா போய்ட்டாங்க?"

"யாரும் போவலக்கா," என்றார் அவர். "சத்தம் போடாத. உள்ள அவ வேல செஞ்சிக்கினு கீறா."