எட்டு, நானூற்று இருபது

11.2.1996

அன்புத் தங்கை கலைமகளுக்கு,

அண்ணன் தினேஸ்வரன். உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். இந்தப் போதை மறுவாழ்வு மையத்துக்கு வந்து ஐம்பது நாள் ஆகிறது. கையில் ஊசி குத்திய புண்கள் ஆறிவிட்டன, சோறு இறங்குகிறது. இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம். கடிதங்களை இங்கே ஓர் அதிகாரி படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் நல்ல தமிழில் திட்டு.

ஹாலில் இருக்கும் கடல் மீன் தொட்டியை உன் தலையில் கட்டிவிட்டு வந்துவிட்டேன். கலை, பவளம் கல் இல்லை, உயிர். தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத்தான் அது வளரும். தண்ணீரின் காரமும் கால்சியமும் ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். காலையில் கால்சியம் போத்தலில் ஒரு மூடி, மாலையில் காரத்துக்கான சோடா உப்புப் போத்தலில் ஒரு மூடி. இரண்டையும் ஒரே நேரத்தில் ஊற்றிவிடாதே. தண்ணீர் பாலாக வெளுத்து, இரண்டும் மாவாகி அடியில் படிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனை மருந்தைச் சொட்டு எண்ணி விட்டுப் பார்த்து எனக்கு எழுது. காரம் எட்டு, கால்சியம் நானூற்று இருபது. அதை ஒட்டியே இருக்கட்டும்.

இங்கே எல்லாரும் நாளை எண்ணுகிறார்கள். நான் அந்தக் கிளைப் பவளம் எத்தனை விரல் வளர்ந்திருக்கும் என்று எண்ணுகிறேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? வெளியே வந்ததும் பழைய கூட்டாளிகளைத் தேடிப் போகாமல் நேராக வீட்டுக்கு வர எனக்கு அந்தத் தொட்டி வேண்டும்.

அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

அண்ணன்,
தினேஸ்வரன்


புக்கிட் காத்தில்,
3.3.1996

பாசமுள்ள அண்ணாவுக்கு,

கலைமகள் எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். தொட்டியும் சுகம். காரம் ஏழு, கால்சியம் முந்நூற்றுத் தொண்ணூறு. கொஞ்சம் இறங்கியிருக்கிறது, பயந்துவிடாதீர்கள். நாளையிலிருந்து ஒன்றரை மூடி ஊற்றுகிறேன். சொட்டு எண்ணும்போது அம்மா பேச்சுக் கொடுத்தால் எனக்குக் கணக்கு விட்டுப்போகிறது. இன்றைக்கு மூன்று தடவை எண்ணினேன்.

அம்மா இன்னும் இறங்கி வரவில்லை. தாலிக்கொடியை நீங்கள் எடுத்துக்கொண்டு போய் விற்றதை மறக்க நாளாகும், அண்ணா. நான் போத்தலைத் திறந்தாலே ஆரம்பித்துவிடுகிறார்: "கல்லுக்குக் காலையில ஒரு மருந்து, சாயந்தரம் ஒரு மருந்து. பெத்தவளுக்கு ஒரு பனடோல் மாத்திரை வாங்கிக் குடுத்திருப்பானா அவன்?" ஆனால் நேற்று கோமாளி மீன் மேலே வந்து வாயைத் திறந்ததும் தீனி போட்டது அவர்தான். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது.

கம்பெனியில் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது. எப்படியோ சமாளிக்கிறேன். நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

உங்கள் தங்கை,
கலைமகள்


12.1.1997

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதங்களையெல்லாம் அடுக்கி வைத்திருக்கிறேன். அதிகாரிக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. கடிதத்தைக் கொடுக்கும்போதே, "எட்டு, நானூத்தி இருபது, தினேஸ்! இந்த வாரமும் பாஸ்லா!" என்கிறார். என் அறையில் இருப்பவர்கள் என்னைத் 'தொட்டி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முன்பெல்லாம் ஒரு வாரம் ஏழு, ஒரு வாரம் ஒன்பது என்று எழுதுவாய். நவம்பரிலிருந்து ஒரே எண்தான். கைதேர்ந்துவிட்டாய் போல. எனக்காக ஒன்று செய். இரண்டு வாரத்துக்கு இரண்டு போத்தலையும் தொடாதே. பிறகு சோதித்து, வருவதை அப்படியே எழுது.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

அண்ணன்,
தினேஸ்


2.2.1997

பாசமுள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். இரண்டு வாரம் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. இன்று காலை சோதித்தேன். நம்பமாட்டீர்கள், அதே எட்டு, அதே நானூற்று இருபது! கொஞ்சம்கூட இறங்கவில்லை. உங்கள் தொட்டி இப்போது தன் காலில் நிற்கிறது, அண்ணா. கிளைப் பவளம் கண்ணாடியைத் தொட்டுவிடும் போலிருக்கிறது. நீங்கள் வந்து பார்த்தால் அசந்துபோவீர்கள்.

அம்மாவுக்கு முழங்காலில் வீக்கம் குறைந்திருக்கிறது.

உங்கள் தங்கை,
கலைமகள்


16.2.1997

கலை,

பவளம் உயிரோடு இருந்தால் தின்னும். தின்றால் எண் இறங்கும். இரண்டு வாரம் ஊற்றாமல் இருந்தால் எட்டு ஆறாகியிருக்க வேண்டும். கால்சியம் முந்நூற்று எழுபதுக்கு வந்திருக்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் அந்தத் தண்ணீரில் தின்ன யாரும் இல்லை.

எனக்கு டிசம்பரிலேயே சந்தேகம். ஒவ்வொரு கடிதத்திலும் நீயே சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். பொய் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். அம்மாவின் தாலிக்கொடியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே அவரோடு உட்கார்ந்து தோசை சாப்பிட்டவன் நான். நீ சொன்னது பொய் என்பதுகூடப் பெரிதில்லை. உண்மையைத் தாங்கமாட்டான், உடைந்துவிடுவான் என்று முடிவு செய்தாயே, அதுதான் சுடுகிறது. எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். நீயாவது அப்படி நினைக்கவில்லை என்று நம்பியிருந்தேன்.

எந்த நாளில் போயிற்று? அதை மட்டும் எழுது.

தினேஸ்வரன்


2.3.1997

அண்ணா,

அக்டோபர் 13, ஞாயிறு.

அந்த மாதம் முழுக்க ஓவர்டைம் வேலை. ஐந்து நாள் இரண்டு போத்தலையும் மறந்துபோனேன். அன்றைக்கும் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கம்பெனி பஸ் வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. விட்டதைப் பிடித்துவிடலாம் என்று ஐந்து நாளுக்கு உள்ளதை அளந்து, இரண்டையும் ஒன்றாக ஊற்றிவிட்டு ஓடினேன். செய்யாதே என்று நீங்கள் எழுதியதைத்தான் செய்தேன். திரும்பி வந்தபோது தொட்டியில் மீன்கூடத் தெரியவில்லை. ஒரே வெள்ளை.

நான்காம் நாள் மூளைப் பவளத்தின் சதை உரிந்து மிதந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம். எலி ஏதோ செத்துக்கிடக்கிறது என்று அம்மா ஊதுவத்தி கொளுத்தினார். கடைசியில் அந்தக் கோமாளி மீனும் போயிற்று. அதை அம்மாதான் வாசல் ரோஜாச் செடிக்கு அடியில் புதைத்தார்.

தண்ணீரை மாற்றினேன். வெறும் எலும்பாக நின்ற பவளங்களை எடுக்க மனம் வரவில்லை. பம்ப்பையும் நிறுத்தவில்லை. ஞாயிறு தவறாமல் சோதித்தேன். நான் எழுதிய எண்கள் பொய் இல்லை, அளந்துதான் எழுதினேன். மற்றதெல்லாம் பொய்.

நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று நான் நினைத்தது உண்மை. பயந்துவிட்டேன். பழையபடி உங்களைக் கடை வராந்தாவில் போய்த் தூக்கிக்கொண்டு வர எனக்குத் தெம்பு இல்லை. திட்டியாவது எழுதுங்கள்.

கலைமகள்


புக்கிட் காத்தில்,
18.1.1998

அண்ணா,

மார்ச்சுக்குப் பிறகு பதினோரு கடிதம் எழுதிவிட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசிக் கடிதம், நீங்கள் விடுதலையாகிப் போய்விட்டீர்கள் என்று முத்திரை குத்தித் திரும்பி வந்துவிட்டது.

விடுதலை நாளை மையத்திலிருந்து முன்பே தெரிவித்திருந்தார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. என்னிடம் சொல்லாமல் அம்மா தனியாகப் புறப்பட்டுப் போயிருக்கிறார். இரண்டு பஸ் மாறி, அந்தக் காலோடு, உங்களுக்குப் புதுச் சட்டை ஒன்றும் புளிச்சாதமும் எடுத்துக்கொண்டு. ஜாசினில் பஸ் தாமதம். ஒன்பது மணிக்குக் கேட்டில் போய் நின்றால், எட்டு மணிக்கே போய்விட்டான் என்றிருக்கிறார் காவலர். நம்பாமல் பகல் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம். யாரும் வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள். அம்மா வந்தார், அண்ணா.

உம்பாய் ஊர்க் கடைகளுக்கு ஐஸ் லோரி ஓட்டும் வீரமுத்து அண்ணன் பொங்கலுக்கு முதல் நாள் உங்களை அங்கே பார்த்ததாகச் சொன்னார். ரொம்ப மெலிந்துவிட்டீர்களாம். அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, பட்டனையும் கழற்றாமல் நின்றீர்களாம். ஏன் என்று எனக்குத் தெரியும். மறுபடி பார்த்தால் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லி இதை அவரிடம்தான் தரப்போகிறேன்.

தொட்டியை எடுத்துவிட்டோம். வீட்டுக்கு வர உங்களுக்கு அது வேண்டும் என்று எழுதினீர்கள். நானும் அதை நம்பி, செத்த தண்ணீரை மாதக்கணக்கில் அளந்தேன். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம், அது போதும், வாருங்கள் என்று ஒரு கடிதத்திலாவது எழுதியிருக்கலாம். எழுதத் தோன்றவில்லை.

இப்போது எழுதுகிறேன். எந்த நிலையில் இருந்தாலும் வாருங்கள். சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லி அம்மா கேட்கமாட்டார். நானும் கேட்கமாட்டேன்.

கலைமகள்