முப்பது வெள்ளைக் கோட்டும் ஒரு சிவப்பு ஜெர்சியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் விடப் போவதில்லை. இப்படி எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தொடக்கத்திலேயே உண்மை குறைந்துவிடும்.

நாங்கள் நலம். நம் சலவைக் கடையில் உலர்த்தும் மெஷினுக்குப் பெல்ட் மாற்றியாயிற்று. அங்கே குளிர் அதிகம் என்றீர்களே, கையுறை வாங்கினீர்களா? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன் அம்மா கையில் இருக்கும், பக்கத்தில் அண்ணன் நிற்பான். அதனால்தான் கடிதம்.

போன வாரம் பேசியபோது, ஆஸ்பத்திரிக் கோட்டுகள் சாயம் ஏறியதைப் பற்றி, "பரவாயில்ல கண்ணு, அடுத்த தடவ கவனமா இரு" என்றீர்கள். அதைக் கேட்டு நான் அழுதேன். திட்டியிருந்தால் அழுதிருக்க மாட்டேன். நான் செய்யாத தப்பை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் அப்பா.

அண்ணன் அணி இறுதி ஆட்டத்தில் ஜெயித்த மறுநாள் அது. கடைசி கோல் அவன் போட்டது. தெருவே அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எதிர் வீட்டு அத்தை அம்மாவின் கன்னத்தைக் கிள்ளி, "பெத்தா இப்படி ஒரு புள்ளையப் பெத்துக்கணும்" என்றார். அம்மா சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எனக்கும் பெருமைதான். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

மறுநாள் மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் பாராட்டு விழா. ஜெர்சியோடு வரச் சொல்லியிருந்தார்கள். நான் பள்ளியிலிருந்து வந்ததும் வழக்கம்போல வெள்ளைத் துணி துவைக்கும் மெஷினைப் பார்த்தேன். நீங்கள் கற்றுக்கொடுத்தபடி முப்பது கோட்டையும் ஒவ்வொன்றாக உதறி, பையெல்லாம் கைவிட்டுத் துழாவி, உள்ளே போட்டு, நோட்டில் டிக் அடித்தேன். கதவை நானே மூடி பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். அதுதான் உங்கள் சட்டம். அழுத்தவில்லை. அண்ணன் வந்து, "நான் போட்டுக்கறேன், உனக்கு நாளைக்குப் பரீட்சை இல்ல? போய்ப் படி" என்றான். அன்பாகத்தான் சொன்னான். நான் மாடிக்குப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து அம்மா கதவைத் திறந்தபோது எல்லாம் ரோஜா நிறம். நடுவில் சிவப்பு ஜெர்சி. இஸ்திரி போடும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு, "போச்சு, இனிமே ஆஸ்பத்திரியில எல்லா நர்ஸுக்கும் கல்யாணக் களைதான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அம்மா ஜெர்சியைப் பிழிந்து பக்கெட்டுக்குப் பின்னால் வைத்தார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஈர ஜெர்சியைப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போனான்.

அதற்கு அடுத்த நாள் மாலை ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸ் வந்தபோது அம்மா, "சின்னப் பொண்ணு, கவனிக்காம விட்டுட்டா" என்றார். அவர் நோட்டைப் பார்த்தார். என் டிக் இருந்தது. "கண்ணு எங்கம்மா இருந்துச்சு, புத்தகத்துலயா?" என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தார். அண்ணன் கதவு வரைக்கும் வந்தான், அப்பா. வாயைத் திறந்தான். பிறகு உள்ளே போய்விட்டான்.

அன்று ராத்திரி அம்மாவிடம் ஏன் என்று கேட்டேன். "நாளைக்குக் கடைய நடத்தப் போறவன் அவன். அவன் பேரு கெட்டா யாரு துணி குடுப்பா? உனக்கென்னடி, நீ படிச்சுப் பெரிய ஆளாப் போறவ" என்றார். இது என்னைத் தாழ்த்தியதா உயர்த்தியதா என்று இன்னும் தெரியவில்லை. அம்மா அதைச் சொல்லும்போது என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மூன்று முறை பிளீச் போட்டதில் கோட்டுகள் வெளுத்துவிட்டன. ஆஸ்பத்திரிக்காரர்கள் தொடர்ந்து துணி தருகிறார்கள், ஒரே நிபந்தனையோடு: அந்தப் பெண் சரிபார்க்கக் கூடாது. எனவே நீங்கள் எனக்குக் கொடுத்த வேலை இப்போது அண்ணனுடையது.

எனக்குக் குழப்பமே இங்கேதான். அவன் அந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறான். ஒவ்வொரு கோட்டையும் இரண்டு தடவை உதறுகிறான். டிக் போடும் முன் மறுபடியும் எண்ணிப் பார்க்கிறான். பயிற்சிக்குக்கூடப் போவதில்லை. என் பள்ளிச் சீருடையை அவனே துவைத்து, மடிப்புக் கலையாமல் என் நாற்காலியில் வைக்கிறான். என் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. "பாத்தியா, எவ்வளவு பொறுப்பு வந்துடுச்சு" என்கிறார் அம்மா. வந்திருக்கிறதுதான். ஒரு பொய்யிலிருந்து பொறுப்பு வருமா அப்பா? அப்படியானால் நான் உண்மையைச் சொன்னால் அது போய்விடுமா?

அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பதினெட்டு வயது ஆகிறது. எல்லோர் முன்னாலும் வாசிக்க உங்களிடம் வாழ்த்துக் கடிதம் கேட்டிருக்கிறார் அம்மா. கடைப் பொறுப்பை அவனிடம் ஒப்படைப்பதாக எழுதுவீர்களாம். எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், அவன் உங்களிடம் எதையாவது சொல்ல விரும்புகிறானா என்று ஒரே ஒரு வார்த்தை அவனைக் கேளுங்கள். நான் சொன்னேன் என்று சொல்லாமல் கேளுங்கள்.

மேலே உள்ளதை எழுதி முடிக்கும்போது அண்ணன் கடையைப் பூட்ட வந்தான். "அப்பாவுக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "எல்லாம் எழுதிட்டியா?" ஆமாம் என்றேன். கோபப்படுவான் என்று நினைத்தேன். சாவிக்கொத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தான். பிறகு, "கீழ ரெண்டு வரி இடம் விடு" என்றான். என்ன எழுதப் போகிறான் என்று கேட்கவில்லை. விட்டிருக்கிறேன்.

அந்த இடம் வெறுமையாகவே உங்களுக்கு வந்து சேர்ந்தால் அவன் மேல் கோபப்படாதீர்கள். கேட்டான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். என்னையும் கொஞ்சம் நம்புங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகள்

கடிதத்தை மேசையில் விரித்தே வைத்துவிட்டுப் போகிறேன், பேனாவும் பக்கத்தில் இருக்கிறது. அண்ணன் கடை விளக்குகளை அணைத்துவிட்டான், இந்த மேசை விளக்கைத் தவிர.