மூச்சை அடக்கும் வேலை

அன்புள்ள கப்பல்காரிக்கு,

இங்கே எல்லாம் நலம். நேற்று வீடியோவில் கப்பலில் இருக்கும் உன் ஆய்வுக்கூடத்தைக் காட்டினாய். கடல்நீர் முழுதும் வடிதாளில் இறங்கியதும், உன்னோடு வேலை செய்யும் அந்த நெட்டையர் இடுக்கியால் தாளைத் தூக்கினார். அதில் படிந்த துகள்களோடு மூச்சுக்காற்றின் தூசி கலந்துவிடக் கூடாதென்று இருவரும் சேர்ந்து மூச்சை அடக்கினீர்கள். டப்பாவை மூடியதும் சேர்ந்தே சிரித்தீர்கள்.

"ஏங்க, இவருக்குக் கை நடுங்கவே நடுங்காதுங்க!" என்றாய்.

"மனுஷன்தானே? கிள்ளிப் பார்த்தியா?" என்றேன். அதற்கும் அவரே சிரித்தார்.

உதாரணம் சொல்லாமல் நான் பாடம் நடத்தியதில்லை, உனக்குத் தெரியும். கூட்டாளி வேறு பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்த அன்று ஒரு பையனின் முகம் எப்படி இருக்கும்? இன்று சவரம் செய்யும்போது கண்ணாடியில் அதைத்தான் பார்த்தேன்.

பிறகு கடற்கரைக்குப் போய் ஒரு வாளி நீர் மொண்டு வந்து, நம் தேநீர் வடிகட்டியில் ஊற்றினேன். ஒன்றுமே தங்கவில்லை. ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் ஊற்றினேன். பக்கத்தில் யாருமில்லை.

அவரோடு அடுத்த பயணமும் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேறொருவர் மனைவி கேட்டிருந்தால், "தாராளமாகப் போய் வாம்மா" என்றிருப்பேன்.

நீ வந்துவிடு.

உன் வீட்டுக்காரன்