தும்மலைக் காணோம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கை "தேவலை" என்கிறாள். அவள் எதற்கும் தேவலை என்பவள், நீயே எழுது.

இன்று எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயப்படாதே, வேலை போகவில்லை. மாத்திரை நேரத்தை நினைவூட்டும் எங்கள் செயலி உன் போனிலும் இருக்கிறதே, அதன் புதிய பதிப்பை நேற்று வெளியிட்டோம். வெளியிட்டதும், பழைய பதிப்புகள் இனி ஓடாதபடி அமைப்பை மாற்றுவது என் பொறுப்பு. மாற்றினேன்.

காலையில், புகார்களைக் கேட்கும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். "ஒரு அம்மா போன்ல சண்டை போடுறாங்க. 'தும்மலைக் காணோம், திருப்பிக் குடுங்க'ங்கிறாங்க. தினமும் அதுக்கு 'நூறு வயசு' சொல்லிட்டுத்தான் மாத்திரை போடுவாங்களாம். என்ன தும்மல் அது?"

அவள் சொன்னதுமே அது நீதான் என்று தெரிந்துவிட்டது. முதல் பதிப்புக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைக்காமல், ஜலதோஷத்தோடு நானே "மாத்திரை போட்டாச்சா?" என்று பேசி, கடைசியில் தும்மியும் தொலைத்தேன். அடுத்த பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டோம். ஏம்மா, இத்தனை வருஷமாக நீ மாற்றவே இல்லையா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

உன் ஒருத்திக்காகப் பழையதை ஓடவிட மாட்டார்கள். தங்கையிடம் சொல்லிப் புதியதைப் போட்டுக்கொள். அப்படியே, நீ குளிருக்குப் போட்டுக்கொள்ளும் என் பழைய கம்பளிச் சட்டையையும் அனுப்பு. துவைக்காவிட்டாலும் பரவாயில்லை.

மேலாளர் கூப்பிடுகிறார். இனி இரவு மாத்திரைக்கு நானே போன் செய்கிறேன். தும்மல் வராவிட்டாலும் "நூறு வயசு" சொல்லிவிடு.

அவசரத்தில்,
உன் மகன்