நான் மாற்றிச் சொன்ன கேள்வி

1996 நவம்பர், ஞாயிறு

மல்வேர்னில் இன்று மத்தியானம் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு ஒரு கூட்டம். யுத்தம் நடக்கும்போதும் இலங்கையின் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்கு ஏன் உதவுகிறோம் என்று விளக்க ஒட்டாவாவிலிருந்து ஓர் அரசாங்க அதிகாரி வந்திருந்தார். மொழிபெயர்ப்பு என் வேலை. மானியங்களைக் குறைத்தால் வரவுசெலவு சீராகும் என்றார். அதைப் பிசகில்லாமல் தமிழில் சொன்னேன்.

முன்வரிசையிலிருந்து இராசமணி அன்ரி எழும்பினார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, உவரிட்டைக் கேளும். சனத்தின்ரை மாவுக்குக் குடுக்கிற காசை வெட்டச் சொல்லுறியள். அந்த மிச்சக் காசு குண்டாத்தானே எங்கடை ஊருக்கு வருது? போன மாசம் என்ரை பிள்ளையைக் கொண்டுபோன குண்டு ஆரின்ரை காசு?"

நான் ஆங்கிலத்தில் சொன்னது இவ்வளவுதான்: இந்த அம்மா நாட்டின் பாதுகாப்பு நிலைமையை எண்ணிக் கவலைப்படுகிறார்.

அதிகாரி அவரைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார். தங்களுக்கும் அந்தக் கவலை உண்டென்று சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார்.

மரியாதைக்காகத்தான் மாற்றினேன் என்று எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். பொய். அக்காவை ஊரிலிருந்து இங்கே கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் ஒரு வருசமாக இதே அரசாங்கத்தின் கந்தோரில் கிடக்கிறது. கூட்டத்துக்கு முன் அந்த மனிதர் என் முழுப்பெயரையும் கேட்டு எழுதியிருந்தார்.

வாசலில் அன்ரி என் கையைப் பிடித்தார்.

"நான் கேட்டதை அப்பிடியே சொன்னனீரோ?"

"ஓம் அன்ரி."

அவர் கையை விடவில்லை.

"அதைக் கேட்டிட்டோ தம்பி அந்தாள் சிரிச்சது?"

அதற்கும் ஓம் என்றேன்.