எண்ணாகிப் போன பாட்டு

ஆடி வெள்ளி, உருத்திரபுரம்.

கைபேசியில் பார்த்து நான் கிற்றார் வாசிக்கப் பழகிய காலம் முதல் என் கணவர் அதைச் சரியாகக் கேட்டதே இல்லை. சண்டைக் காலத்தில் பக்கத்தில் செல் குண்டு விழுந்த நாளிலிருந்து இவருக்குக் காது மந்தம். இன்றாவது பிள்ளையார் பாட்டைப் பதிந்து ஹெட்போனில் கேட்கவைக்க நினைத்தேன்.

மகள் வாங்கித் தந்த ஒலிப்பதிவுப் பெட்டியை எனக்குப் பிடிக்கவில்லை. அது சத்தத்தை எண்களாக்கி லப்டொப்புக்கு அனுப்புமாம். எண் என்றால் எனக்கு அரிசிக் கணக்கும் மண்ணெண்ணெய்க் கணக்கும்தான். சாமி பாட்டை எண்ணாக்க மனம் ஒப்பாமல், கிற்றாரிலிருந்து சாதாரண வயரை லப்டொப்பின் மைக் ஓட்டையில் கொழுவிப் பதிந்தேன்.

இவர் கேட்டுவிட்டு, "நெல்லு மில்லுக்கை இருந்தோ வாசிச்சனீர்?" என்றார். எல்லாம் இரைச்சல்.

மகள் சிரித்தாள். "ஒருக்காப் பெட்டியாலை பதிவம் அம்மா. பிள்ளையார் கோவிக்க மாட்டார்."

கும்பிட்டுவிட்டு அதே பாட்டைப் பெட்டி வழியாக வாசித்தேன். இவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இடையிலை கீச்செண்டு கேக்குது. அதென்ன?"

"என்ர விரல் கம்பியிலை வழுக்கிற சத்தமப்பா," என்றேன்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எண்களாக உடைந்த பாட்டு, என் விரலையும் கூட்டிக்கொண்டு, செல் கெடுத்த காதுக்குள் முழுதாய்ப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதை எந்தக் கணக்கில் எழுதுவது, பிள்ளையாரே.

"இவ்வளவு நாளும் இப்பிடியோ வாசிச்சனீர்?" என்றார். தலையாட்டினேன்.

இப்போதும் பக்கத்து அறையில் அதைத்தான் கேட்கிறார். கூடவே உரக்கப் பாடுகிறார். சுருதி கொஞ்சமும் சேரவில்லை. நான் திருத்தப் போகவில்லை.